வெள்ளை ஏன் சாம்பலாகிறது? பனியைப் படமெடுக்க உப்பளத்தில் ஒரு பாடம்

அக்கா மகள் கல்லூரித் தோழிகளுடன் மணாலிக்குச் சுற்றுலா போய்விட்டு, தை மாதக் கடைசியில் ராமநாதபுரம் திரும்பினாள். வந்த அன்றே செல்பேசியை எடுத்து அம்மாவுக்கு ஒவ்வொரு படமாகத் தள்ளிக் காட்டினாள். நான்கைந்து படம் பார்த்ததுமே அக்கா கேட்டாள்: "ஏன்டி, அங்கே சாம்பலா கொட்டிக்கிடந்தது?"

"இல்லம்மா, கண் கூசுகிற வெள்ளை. படத்தில்தான் இப்படி விழுந்திருக்கிறது. ஏன் என்று மாமாவைக் கேள்."

மாமா நான்தான். இந்த ஊரில் புகைப்படத் தொழில் செய்கிறேன். செல்பேசியை வாங்கிப் பார்த்தேன். தேவதாரு மரங்கள் கறுத்து நின்றன. தோழிகள் நின்ற படங்களில் முகங்கள் இருண்டிருந்தன. பனி மட்டும் மழைக்கு முந்தைய வானம் போல மங்கிக் கிடந்தது. விடியற்காலையில் எடுத்தவை இன்னும் மோசம், எல்லாவற்றிலும் நீலம் பாய்ந்திருந்தது. செல்பேசியில் பழுது எதுவும் இல்லை, பிள்ளையும் கையை ஆட்டிவிடவில்லை. வெள்ளையைப் படமெடுக்கிற எவருக்கும் முதலில் நேர்வது இது. கீழக்கரையில் நிக்காஹ் வீட்டுக்குப் போனால் எனக்கும் இதே பாடுதான். வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கைலி, வெள்ளைத் தொப்பியோடு நாற்பது பேர் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். கேமராவை அதன் போக்கில் விட்டால் சட்டைகள் அழுக்காகி, முகங்கள் கறுத்துவிடும். தங்கச்சிமடம் தேவாலயத்தில் புதுநன்மை, அதாவது முதல் நற்கருணை வாங்கும் பிள்ளைகளின் வெள்ளை உடுப்பும் அப்படியே.

தமிழில் புல் நுனியில் நிற்பதும் பனி, மார்கழி விடியலில் கண்மாயை மூடுவதும் பனி, இமயத்தில் கொட்டுவதும் பனி. முன்பனி, பின்பனி என்று ஆண்டில் நான்கு மாதங்களை அதற்கே ஒதுக்கியிருக்கிறோம். தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்பார்கள். இருந்தாலும் தரையில் வெள்ளையாய்ப் படிந்து கிடக்கும் பனியை நம் கரையில் யாரும் கண்டதில்லை. அதைப் படமெடுக்கப் பழகுவதற்கு மட்டும் இங்கே இடம் தாராளமாக இருக்கிறது. வாலிநோக்கத்திலும் திருப்பாலைக்குடியிலும் உப்பளங்கள் இருக்கின்றன, தனுஷ்கோடியில் வெளிறிய மணல்வெளி இருக்கிறது. கேமராவின் கணக்கில் இவையும் பனியும் ஒரே இனம். கேமரா செய்கிறவர்களும் இதை ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். பல கேமராக்களில் பனிக்கும் கடற்கரைக்கும் சேர்த்து ஒரே அமைப்பைத்தான் வைத்திருக்கிறார்கள்.

எனவே அவளைச் சித்திரை விடுமுறையில் உப்பளத்துக்கு அழைத்துப்போனேன். அங்கே அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கேமராவுக்கு வெள்ளை தெரியாது

கேமராவுக்குள் ஓர் ஒளிமானி இருக்கிறது. எதிரே உள்ள காட்சியிலிருந்து எவ்வளவு வெளிச்சம் வருகிறது என்று மட்டும்தான் அதற்கு அளக்கத் தெரியும். அந்த வெளிச்சம் ஏன் அவ்வளவு வருகிறது என்பது அதற்குத் தெரியாது. வெயில் கடுமையாக இருப்பதாலா, எதிரே கிடக்கும் பொருளே வெள்ளை என்பதாலா என்று அதனால் பிரித்துப் பார்க்க முடியாது.

தெரியாத இடத்தில் அது ஓர் ஊகத்தைப் பிடித்துக்கொள்கிறது. சாதாரணக் காட்சி ஒன்றில் மரம், மண், வீடு, ஆள், வானம் எல்லாம் கலந்திருக்கும். எல்லாவற்றையும் சேர்த்துக் குழைத்தால் நடுத்தரமான ஒரு சாம்பல் நிறம் வரும். தன்மேல் விழும் வெளிச்சத்தில் ஏறத்தாழ 18 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும் சாம்பல் அது. 18 என்றதும் கறுப்புக்குப் பக்கத்தில் இருக்குமே என்று தோன்றும். ஆனால் நம் கண்ணுக்குக் கறுப்புக்கும் வெள்ளைக்கும் சரிபாதியாகத் தெரிவது அந்த அளவுதான். எதைக் காட்டினாலும் அது மொத்தத்தில் இந்தச் சாம்பலாக இருக்கும் என்று ஒளிமானி நம்பிக்கொள்கிறது.

புதிதாய் விழுந்த பனி தன்மேல் படும் வெளிச்சத்தில் 80 முதல் 90 சதவீதம் வரை திருப்பி அனுப்புகிறது. அதைக் கண்ட ஒளிமானி, வெளிச்சம் மிகுந்துவிட்டது என்று எண்ணிக் குறைக்கிறது. தான் நம்புகிற சாம்பல் வரும்வரை குறைக்கிறது. அக்கா சொன்ன சாம்பல் அங்கிருந்துதான் வந்தது. பனி மங்கும்போது கூட நிற்கும் முகமும் சேர்ந்து இருளும்.

இதை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். பார்த்த பிறகுதான் மனத்தில் நிற்கும். வெளுத்த வேட்டி ஒன்றையும் கறுப்புக் குடைத் துணி ஒன்றையும் திண்ணையில் விரியுங்கள். முதலில் வேட்டி மட்டும் படத்தின் சட்டத்தை முழுதும் நிரப்பும்படி நெருங்கி ஒரு படம் எடுங்கள், வேறு எதுவும் உள்ளே தெரியக் கூடாது. அப்படியே குடைத் துணியை நெருங்கி இன்னொன்று. கேமரா தானியங்கி முறையில் இருக்கட்டும். இரண்டு படங்களையும் அடுத்தடுத்து வைத்தால் வேட்டி சாம்பலாகவும் குடை சாம்பலாகவும் இருக்கும். எது வேட்டி, எது குடை என்று துணியின் நெசவைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டியிருக்கும். அக்கா மகள் இதைச் செய்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றாள். வெள்ளையையும் கறுப்பையும் ஒன்றாகக் காட்டுகிற கருவியை இத்தனை நாள் நம்பியிருந்தோமே என்ற திகைப்பு அவள் முகத்தில் தெரிந்தது.

ஒரு படி, இரண்டு படி

இதற்கு மருந்து பெரும்பாலான கேமராக்களில் இருக்கிறது. கூட்டல் குறியும் கழித்தல் குறியும் சேர்ந்த ஒரு பொத்தான் அல்லது திருகு. எக்ஸ்போஷர் காம்பென்சேஷன் என்று பெயர். "நீ கணக்கிட்டது இருக்கட்டும், அதற்கு மேல் இவ்வளவு கூட்டு" என்று நாம் கேமராவிடம் சொல்கிற வழி அது. அதில் ஒரு படி என்பது இரண்டு மடங்கு. +1 வைத்தால் வெளிச்சம் இரு மடங்கு, +2 வைத்தால் நான்கு மடங்கு.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். சட்டம் முழுக்கப் பனி என்றால் ஒளிமானி அதை 18-இல் கொண்டுபோய் நிறுத்தும். ஒரு படி ஏற்றினால் 36. இன்னொரு படி ஏற்றினால் 72. பனி இருக்க வேண்டிய இடத்துக்கு வந்துவிட்டோம். மூன்றாவது படி 144, நூறைத் தாண்டிவிடும். அதாவது வெள்ளை வெடித்து, வெறும் தாளாகிவிடும். பனிக்கு +1 முதல் +2 வரை என்று அனுபவசாலிகள் சொல்வது இந்தக் கணக்கிலிருந்துதான். நடைமுறையில் சட்டத்துக்குள் மரமோ பாறையோ ஆளோ இருப்பதால், நான் +1-இல் தொடங்கி, பார்த்துவிட்டு மேலே போகச் சொல்வேன்.

செல்பேசியில் இன்னும் எளிது. திரையில் பனியின்மேல் விரலால் தொடுங்கள். பெரும்பாலான செல்பேசிகளில் பக்கத்தில் ஒரு சிறு சூரியன் தோன்றும், அதை மேல்நோக்கித் தள்ளினால் படம் வெளுக்கும். கண்ணால் பார்க்கும் பனிக்கு அருகே வந்ததும் நிறுத்திவிடுங்கள். புதிய செல்பேசிகள் காட்சியை அடையாளம் கண்டு ஓரளவு தாமே சரிசெய்துகொள்கின்றன. ஆனால் விடியற்காலையின் மெல்லிய வெளிச்சத்தில் அவற்றின் தீர்ப்பை நான் நம்புவதில்லை.

ஆன்சல் ஆடம்ஸ் என்ற அமெரிக்கப் புகைப்படக் கலைஞர், பிரெட் ஆர்ச்சர் என்பவரோடு சேர்ந்து 1940 வாக்கில் இதற்கு ஒரு முறையை வகுத்தார். கறுப்பு முதல் வெள்ளை வரை பூஜ்யத்திலிருந்து பத்து வரை எண்ணிட்டு, ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு படி வித்தியாசம் வைத்தார்கள். நடுச் சாம்பல் ஐந்து. மணிமணியாகத் தெரியும் பனி ஏழு அல்லது எட்டு. படமெடுக்கும் முன்பே, இந்தப் பனி எந்த எண்ணில் உட்கார வேண்டும் என்று தீர்மானிப்பவர் எடுப்பவர்தான். பிலிம் காலத்து முறை என்றாலும் அதன் உயிர்ப்பகுதி இன்றைக்கும் அப்படியே பொருந்துகிறது. முடிவு எடுப்பவருடையது, கருவியுடையது அன்று.

உப்பளத்தில் விடியல்

நாங்கள் நாலரை மணிக்குக் கிளம்பி, கீழக்கரை, ஏர்வாடி வழியாக வாலிநோக்கம் பக்கம் போனோம். தமிழ்நாடு அரசின் உப்புக் கழகம் உப்பு விளைவிக்கும் பகுதி அது. அதற்கு முன்னாலேயே தெரிந்தவர் ஒருவரின் உப்பளம் இருக்கிறது, முதல் நாளே அனுமதி கேட்டிருந்தேன். இதைச் சொல்ல வேண்டும்: உப்பளம் என்பது விளைந்து நிற்கிற வயல். கேட்காமல் பாத்திக்குள் இறங்கிப் படமெடுப்பது பயிருக்குள் மாடு இறங்குவதற்குச் சமம்.

பருவமும் பார்க்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் பாத்திகள் நீரில் மூழ்கிவிடும். மார்கழியில் போனால் வெள்ளை அம்பாரங்களைப் பனையோலை போட்டு மூடி வைத்திருப்பார்கள். தைக்குப் பிறகு பாத்திகளைச் சீர்செய்து, கடல்நீரோ ஊற்றுநீரோ ஏற்றிக் காயவிட்டு, வெயில் ஏற ஏற உப்பு பூக்கும். சித்திரையில் வெள்ளை முழுதாக விரிந்து கிடக்கும்.

ஐந்தரைக்கு நாங்கள் போனபோதே தொழிலாளர்கள் பாதி வேலையை முடித்திருந்தார்கள். வெயில் ஏறிவிட்டால் அந்த வெள்ளையின் நடுவே நிற்க முடியாது என்பதால் இருட்டிலேயே தொடங்கிவிடுகிறார்கள். பாத்திக்குள் நீண்ட கம்பு பொருத்திய பலகையால் உப்பை வாரி வரப்பில் சேர்த்துக்கொண்டிருந்தார் ஒரு பெரியவர். பலகை இழுபடும்போது ஈர உப்பு நறநறத்தது. வாரிய கோடுகள் பாத்தியில் சீப்பால் சீவியது போலத் தெரிந்தன.

சூரியன் வர இன்னும் அரை மணி இருந்தது. கிழக்கே ஒரு வெளுப்பு, மற்றபடி எல்லாம் நீலம். அக்கா மகள் கேமராவை அதன் போக்கில் விட்டு முதல் படம் எடுத்தாள். பெரியவர் கிட்டே வந்து எட்டிப் பார்த்தார்.

"இது எந்த வருஷத்து உப்பு?" என்றார்.

"இப்போது எடுத்ததுதான் தாத்தா. இதோ, நீங்கள் வாரிய உப்பு."

"இல்லையே, மழையில் நனைந்த உப்பு மாதிரி இருக்கிறதே. இதை எவன் வாங்குவான்?"

நான் அரை நாள் பேசிப் புரியவைக்க வேண்டியதை அவர் ஒரு கேள்வியில் சொல்லிவிட்டார். உப்பின் வெள்ளையில் அவருடைய கூலி இருக்கிறது, அதன் தரம் குறைந்தால் அவர் கண்ணுக்கு முதலில் தெரியும். ஒரு படி ஏற்றச் சொன்னேன். எடுத்துக் காட்டினாள். தலையைச் சாய்த்துப் பார்த்தார். இன்னும் அரைப் படி ஏற்றி எடுத்தாள். "ஆம், இதுதான்" என்று சொல்லிவிட்டுப் பலகையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அவர் ஒப்பிய படம் +1.5-இல் எடுத்தது.

பனியின் அருகே நிற்கும்போது நமக்கு அப்படி ஒரு பெரியவர் கிடைக்க மாட்டார். அங்கே துணைக்கு வருவது ஹிஸ்டோகிராம். படத்தோடு கேமரா காட்டும் சிறிய மேடு பள்ள வரைபடம் அது. இடது ஓரம் கறுப்பு, வலது ஓரம் வெள்ளை. பனிப் படத்தில் மேடு வலப்பக்கம் நகர்ந்து நிற்க வேண்டும், ஆனால் வலது சுவரில் மோதி ஏறி நிற்கக் கூடாது. நடுவில் நின்றால் பனி சாம்பல். சுவரில் மோதினால் பனியின் மணியும் மடிப்பும் அழிந்து வெறும் வெள்ளை. அழிந்த இடத்தில் தகவலே பதிந்திருக்காது, பின்னால் எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது. சில கேமராக்களில் அப்படி வெடித்த இடங்கள் கறுப்பாய் மின்னிக் காட்டும். ஓரிடம் மின்னினால் கால் படி, அரைப் படி இறக்குங்கள். திரையின் பிரகாசத்தை மட்டும் நம்பி முடிவெடுக்காதீர்கள். இருட்டில் திரை எப்போதும் பளிச்சென்றுதான் தெரியும்.

தாழ்ந்த சூரியன்

ஒளியளவு சரியாகிவிட்டால் பனி வெள்ளையாகிவிடும். ஆனால் வெள்ளையானால் மட்டும் படம் ஆகிவிடாது. நண்பகலில் அதே உப்பளத்தை எடுத்துப் பாருங்கள், தாளில் சுண்ணாம்பு பூசியது போல இருக்கும். வெள்ளைப் பொருளுக்குத் தன் உருவத்தைக் காட்ட நிறம் உதவாது. நிழல் ஒன்றுதான் உதவும், அந்த நிழலை நீட்டிக் கொடுப்பது தாழ்ந்த சூரியன்.

சூரியன் அடிவானத்திலிருந்து ஆறு பாகை உயரத்தில் இருக்கும்போது ஒரு மீட்டர் உயர உப்பு அம்பாரத்தின் நிழல் ஏறத்தாழ ஒன்பதரை மீட்டர் நீளும். 45 பாகைக்கு ஏறிவிட்டால் அதே அம்பாரத்தின் நிழல் ஒரு மீட்டர்தான். அம்பாரத்துக்கு மட்டும் இல்லை, ஒவ்வோர் உப்புக் கல்லுக்கும் இதே கணக்கு. அன்றைக்கு ஆறு மணிக்குச் சூரியன் எட்டிப் பார்த்ததும், அதுவரை தட்டையாகக் கிடந்த பாத்தி எழுந்து நின்றது. பெரியவர் வாரிய கோடு ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம் பொன், மறுபக்கம் நீலம். குனிந்து பார்த்தால் ஒவ்வொரு கல்லும் தன் பின்னால் ஒரு சின்ன நீல வால் இழுத்துக்கொண்டிருந்தது. பனியிலும் காற்று வரைந்த மடிப்புகள் இப்படித்தான் தெரியும். தனுஷ்கோடி மணலில் வாடைக் காற்று போடும் அலைகளைத் தையில் போய்ப் பார்த்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது.

எங்கே நின்று எடுப்பது? சூரியனை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டால் நிழல்கள் பொருளுக்குப் பின்னே ஒளிந்துவிடும், மறுபடியும் தட்டை. சூரியன் தோளுக்குப் பக்கத்தில் இருக்கும்படி நில்லுங்கள், அல்லது சூரியனை நோக்கிச் சற்றே சாய்ந்து நில்லுங்கள். சூரியனே சட்டத்துக்குள் வந்தால் ஒளிமானி இன்னும் மிரண்டு படத்தை இருட்டாக்கும். அப்போது சூரியன் இல்லாத பக்கம் கேமராவைத் திருப்பி அளந்து, அந்த அளவைப் பூட்டிவிட்டுத் திரும்பி எடுக்கலாம். பெரும்பாலான செல்பேசிகளில் திரையில் விரலை அழுத்திப் பிடித்தால் பூட்டிக்கொள்ளும்.

நிழலின் நீலம் பற்றி ஒரு சொல். அக்கா மகள் அதைக் குறை என்று நினைத்தாள். குறை அன்று. வெயில் படும் இடத்துக்குச் சூரியனின் பொன்னிறம் கிடைக்கிறது, நிழலுக்கு வானத்தின் வெளிச்சம் மட்டுமே கிடைக்கிறது. வானம் நீலம், எனவே வெள்ளையின் நிழலும் நீலம். கறுப்பு மண்ணில் இது தெரியாது. உப்பிலும் பனியிலும் ஒளிக்க இடமில்லாமல் தெரியும். வெளிச்சத்தின் நிறத்துக்கேற்ப வெள்ளையை வெள்ளையாக்கப் பார்க்கும் கேமராவின் தானியங்கி ஒயிட் பேலன்ஸ் இந்த இரண்டையும் சமன்செய்யப் பார்த்து, சில நேரம் பொன்னைக் கழுவிவிடும், சில நேரம் நீலத்தை எல்லா இடத்திலும் பூசிவிடும். சூரியன் படம் போட்ட பகல் வெளிச்ச அமைப்பில் வைத்துவிடுங்கள், எண்ணில் கேட்டால், வெளிச்சத்தின் நிறத்தைக் குறிக்கும் கெல்வின் அலகில் 5500 அளவு. அப்போது விடியலின் பொன் பொன்னாகவும் நிழலின் நீலம் நீலமாகவும் விழும். கேமரா பதிந்ததைத் திருத்தாமல் அப்படியே வைக்கும் ரா கோப்பாகச் சேமிக்கும் வசதி இருந்தால் அதையே பயன்படுத்துங்கள், நிறத்தைப் பிறகு நிதானமாகத் தீர்மானிக்கலாம்.

நேரக் கணக்கில் மட்டும் நம் கரைக்கும் மலைக்கும் வேறுபாடு உண்டு. ராமேஸ்வரத்தில் ஜனவரித் தொடக்கத்தில் சூரியன் ஆறரை மணி அளவில் உதிக்கும். நாம் நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் அது ஏறத்தாழச் செங்குத்தாக ஏறும். ஆறு பாகை ஏற 25 நிமிடத்துக்குச் சற்றே கூட ஆகும், அவ்வளவுதான். அரிச்சல்முனையில் காபி குடித்துவிட்டு வருவதற்குள் நல்ல வெளிச்சம் போய்விடும். மணாலியில் அதே நாட்களில் உதயம் ஏழே காலுக்கு மேல். சூரியன் சாய்ந்தபடி ஏறுவதால் அதே உயரத்துக்கு அரை மணிக்கும் மேல் எடுத்துக்கொள்ளும். ஆனால் அங்கே சூரியனை மலை மறைக்கும். பஞ்சாங்கத்து உதயத்துக்குப் பிறகும் பள்ளத்தாக்கில் வெகுநேரம் நிழல்தான். முதல் பொன் எதிர்த்திசைச் சிகரங்களின் தலையில் விழும். ஆகையால் கடற்கரைப் பழக்கத்தில் கிழக்கையே பார்த்துக்கொண்டு நிற்காமல், மேற்கே திரும்பிச் சிகரங்களைப் பாருங்கள். அக்கா மகள் அங்கே ஐந்து நாட்களும் கிழக்கைத்தான் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறாள்.

வெள்ளைவெளியில் கண் பிடித்து நிற்க ஒரு கறுப்பு வேண்டும். உப்பளத்தில் வரப்போரம் குடை விரித்து நின்ற உடைமரம் எங்களுக்கு அந்த வேலையைச் செய்தது. மலையில் ஒரு தேவதாரு, ஒரு வேலிக்கம்பு, சிவப்புச் சால்வை போர்த்திய ஓர் ஆள் போதும். அந்தக் கறுப்பை நம்பி ஒளியளவு வைத்துவிடக் கூடாது, அளவு எப்போதும் வெள்ளைக்கே. இன்னொன்று, காலடி. மிதிக்காத பனி ஒரு முறைதான் கிடைக்கும். எங்கே நின்று எடுக்கப்போகிறோம் என்று முதலில் ஓரத்திலிருந்தே பார்த்துத் தீர்மானித்துவிட்டு, பிறகு காலை வையுங்கள்.

குளிரும் உப்பும்

குளிரில் பேட்டரி சீக்கிரம் சோர்ந்துவிடும். காலையில் முழுதாக நிரப்பியது அரை மணியில் செத்துப்போனது போலக் காட்டும், சூடேறினால் மீண்டும் எழும். உபரி பேட்டரியை உள்சட்டைப் பையில், உடம்புச் சூட்டில் வையுங்கள். செல்பேசிக்கும் அதுவே இடம். கனத்த கையுறை போட்டால் பல தொடுதிரைகள் கேட்காது, விரல் நுனியில் தொடுதிரைக்கான இழை வைத்துத் தைத்த கையுறைகள் விற்கிறார்கள்.

வெளிக்குளிரிலிருந்து சூடான அறைக்குள் கேமராவைக் கொண்டுவந்தால், காற்றின் ஈரம் கண்ணாடியில் முத்துமுத்தாகப் படியும், உள்ளே இறங்கினால் கெடுதல். வெளியிலேயே ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு வாயை இறுக்கிக் கட்டி, உள்ளே வந்தபின் ஒரு மணி நேரமாவது திறக்காமல் விடுங்கள். நம் ஊரில் இது தலைகீழாக நடக்கும். குளிர்சாதன அறையிலிருந்து நேரே ராமேஸ்வரம் கடற்கரைக்கு எடுத்துப்போனால் லென்ஸ் மூடுபனி பிடித்தது போலாகிவிடும். விடுதியில் தங்கினால் கிளம்புவதற்கு முன்பே கேமராப் பையை வெளியே வைத்துவிடுவது என் வழக்கம்.

உப்பளத்தில் பயிற்சி எடுப்பவர்களுக்குக் கூடுதலாக ஒரு வேலை உண்டு. உப்பு பனியைப் போல உருகிப் போய்விடாது. காற்றில் ஏறிய உப்புநீர்த் துளி உலோகத்தை அரிக்கும். அங்கே நின்று லென்ஸ் மாற்றாதீர்கள். வீடு வந்ததும் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் கேமராவின் வெளிப்புறத்தையும் முக்காலியின் கால்களையும் துடைத்து, பிறகு உலர்ந்த துணியால் துடையுங்கள். உலர்ந்த துணியை முதலிலேயே போட்டுத் தேய்த்தால் உப்பு மணிகள் கண்ணாடியைக் கீறும்.

ஏற்கெனவே சாம்பலாக எடுத்துவந்த படங்கள் என்னாகும் என்று பலர் கேட்கிறார்கள். பெரும்பாலும் காப்பாற்றலாம். இருண்ட படத்தில் தகவல் இருக்கிறது, வெடித்த படத்தில்தான் இல்லை. உப்பளத்திலிருந்து திரும்பிய அன்று மாலை, அக்கா மகளின் மணாலிப் படங்களைத் திறந்து செல்பேசியிலேயே ஒவ்வொன்றாகத் திருத்தினோம். ஒளியளவை ஒரு படி போல ஏற்றி, வெள்ளைப் பகுதியைத் தனியாகக் கொஞ்சம் உயர்த்தி, நீலம் மிகுந்த இடத்தில் மிகச் சிறிதளவு வெதுவெதுப்பு சேர்த்தோம். நிழல்களில் நீலத்தை விட்டுவைக்கச் சொன்னேன். நிழலின் கறுப்பை ஏற்றியபோது சில படங்களில் புள்ளிப்புள்ளியாக இரைச்சல் வந்தது. எடுக்கும்போதே கூட்டியிருந்தால் அது வந்திருக்காது. இரண்டு படங்களை மட்டும் ஒன்றும் செய்ய முடியவில்லை. அவளே அங்கே திரையைத் தள்ளி மிகையாக வெளுக்கவிட்டவை, பனி இருந்த இடத்தில் எதுவும் இல்லை.

திருத்திய படங்களை அக்காவிடம் காட்டினாள். சிகரத்தின் தலையில் பொன், கீழே வேலியின் நீல நிழல், முன்னால் கையை நீட்டிக்கொண்டு மகள். அக்கா படத்தைக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தாள்.

"இவ்வளவு குளிரில் கையுறை கூடப் போடாமலா நின்றாய்?"

"போட்டால் திரை கேட்கவில்லை அம்மா."

அக்கா அவள் விரல்களைப் பிடித்து ஒவ்வொன்றாகப் பார்க்கத் தொடங்கினாள்.